பெருங்களத்தூரில் ஒரு கார் கம்பெனி இருந்தது: ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் கதையும் உங்க சம்பளப் பணமும்



சென்னையில வேலை பார்த்துட்டு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குக் கிளம்பின எல்லாருக்கும் பெருங்களத்தூர் தெரியும். உடையார்பாளையம், ஜெயங்கொண்டம், அரியலூர் பக்கம் போற பஸ்ஸுக்காக அங்கே மணிக்கணக்கா நின்னவங்க நம்ம வாசகர்கள்லயே நிறைய பேர் இருப்பீங்க. அந்த ஜி.எஸ்.டி. சாலை ஓரத்துலதான் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கார் கம்பெனி இருந்தது. பிரிட்டனில் 'ட்ரையம்ப்' என்ற பெயரில் ஸ்போர்ட்ஸ் கார் செய்த கம்பெனியோட மெட்ராஸ் கிளை அது.

அந்த கம்பெனி இப்போ இல்லை. தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்னைக்கு ஐ.டி. பூங்கா நிக்குது. நீங்களே அங்கே வேலை பார்க்கலாம்.

ஒரு கார் கம்பெனி வரலாறு பர்சனல் ஃபைனான்ஸ் பக்கத்துல எதுக்கு? காரணம் இருக்கு. 'அப்பவே புல்லட் வண்டி வாங்காம ஐஷர் பங்கு வாங்கியிருந்தா இன்னைக்கு கோடீஸ்வரன்' என்ற ஃபார்வர்ட் உங்களுக்கும் வந்திருக்கும். அதே மெட்ராஸ்ல, கிட்டத்தட்ட அதே காலத்துல, அதே மாதிரி பிரிட்டிஷ் பெயரோட தொடங்கின ஸ்டாண்டர்ட் பற்றி யாரும் ஃபார்வர்ட் அனுப்பறதில்லை. அந்த அனுப்பப்படாத ஃபார்வர்ட்தான் இந்தக் கட்டுரை.

கவென்ட்ரியில் தொடக்கம்

ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியை 1903-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் ரெஜினால்ட் மாட்ஸ்லே தொடங்கினார். அதே ஊரில் சைக்கிளில் ஆரம்பிச்சு, மோட்டார் சைக்கிள் செய்து, 1923-ல் காருக்கு வந்த கம்பெனி ட்ரையம்ப். அது 1939-ல் நொடிச்சுப் போச்சு. உலகப் போர் முடியும் நேரத்தில் ஸ்டாண்டர்ட் அதை வாங்கிக்கொண்டது. (இப்போ நம்ம ஊர்ல ஓடுற ட்ரையம்ப் பைக்குக்கும் இதுக்கும் குழப்பிக்க வேண்டாம். பைக் தொழில் 1936-லயே தனியா பிரிஞ்சு போயிடுச்சு.)

வாங்கின பெயரை ஸ்டாண்டர்ட் நல்லா பயன்படுத்திக்கிச்சு. சாதாரண குடும்பக் காருக்கு ஸ்டாண்டர்ட், ஜாலியா ஓட்டுற காருக்கு ட்ரையம்ப். 1953-ல் டி.ஆர்.2 என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. 1959-ல் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவானி மிக்கெலோட்டி வரைந்த ஹெரால்ட் வந்தது.

ஹெரால்டில் ஒரு விசேஷம் உண்டு. அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் உடலும் சட்டமும் ஒரே துண்டாக இருக்கும் காருக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டுக்கு உடல் செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. வேறு வழி இல்லாமல் ஸ்டாண்டர்ட் பழைய முறைக்கே போச்சு: கீழே தனியாக ஒரு சேஸிஸ், மேலே பல துண்டுகளாக போல்ட் போட்டு மாட்டுற உடல்.

இந்தக் கட்டாயம் இரண்டு நன்மையைக் கொடுத்தது. ஒன்று, அதே சேஸிஸைக் கொஞ்சம் குட்டையாக்கி, மேலே இரண்டு சீட் உடலை மாட்டி, 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவர முடிந்தது. எஞ்சின் வெறும் 1147 சி.சி. எடை சுமார் 700 கிலோதான். எடை குறைவா இருந்தா சின்ன எஞ்சினே போதும் என்பதுதான் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் சூத்திரம். 1980 வரை 3 லட்சத்துக்கும் மேல் ஸ்பிட்ஃபயர் விற்றது.

இரண்டாவது நன்மை நமக்கு. துண்டு துண்டாகப் பிரித்து, பெட்டியில் போட்டு, கப்பலில் அனுப்பி, வேறு நாட்டில் மாட்டுவதற்கு ஹெரால்ட் ரொம்ப வசதி.

மெட்ராஸ் ஹெரால்ட்

மெட்ராஸ் யூனியன் கம்பெனியும் கவென்ட்ரி ஸ்டாண்டர்டும் சேர்ந்து 1948-ல் இந்திய நிறுவனத்தைத் தொடங்கின. முதலில் வேன்கார்டு, அப்புறம் ஸ்டாண்டர்ட் எயிட், டென், பென்னன்ட். 1961-ல் ஹெரால்ட். பிரிட்டனில் அது ட்ரையம்ப் ஹெரால்ட், இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்.

இடையில் நடந்த ஒரு விஷயம் முக்கியம். 1953-ல் இந்திய அரசு ஒரு முடிவு எடுத்தது: பாகங்களைக் கொண்டுவந்து மாட்டி மட்டும் விற்கிறவங்க கிளம்பலாம், இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் வைத்திருப்பவர்கள்தான் இருக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. பயணிகள் கார் சந்தை முக்கியமாக மூணு பேர் கைக்கு வந்தது. கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், மெட்ராஸில் ஸ்டாண்டர்ட். புதுசா யாரும் உள்ளே வர முடியாது. லைசென்ஸ் இல்லாமல் உற்பத்தியைக் கூட்டவும் முடியாது. கார் வேணும்னா பணம் கட்டிட்டுக் காத்திருக்கணும்.

1965-ல் ஒருத்தர்கிட்ட 'எந்த பங்கு பாதுகாப்பு?' என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? 'மூணே கம்பெனி, வாசல்ல வாடிக்கையாளர் க்யூ, பின்னாடி வெள்ளைக்காரன் தொழில்நுட்பம், முன்னாடி அரசாங்கப் பாதுகாப்பு. இதுக்கு மேல என்ன வேணும்?' என்றுதான் சொல்லியிருப்பார். கேட்க நியாயமாத்தான் இருக்கும்.

ஆனா உள்ளே என்ன நடந்தது பாருங்க. பிரிட்டனில் ஹெரால்டின் எஞ்சின் 948 சி.சி.யில் தொடங்கி, 1961-ல் 1147 ஆகி, 1967-ல் 1296 ஆனது. 1971-ல் அந்தக் காரையே நிறுத்திட்டாங்க. இங்கே? தொடக்கத்திலும் 948, முடிவிலும் 948.

நம்ம ஆட்கள் சும்மா இருந்தாங்கன்னு சொல்ல முடியாது. 1968-ல் நாலு கதவு ஹெரால்ட் மார்க் 3 கொண்டுவந்தாங்க. பிரிட்டனில் நாலு கதவு ஹெரால்ட் இருந்ததே இல்லை, அது முழுக்க நம்ம மெட்ராஸ் வேலை. அப்புறம் 1970-களின் தொடக்கத்தில் கெஸல் வந்தது. நம்ம சாலைக்கு ஒத்துவராத பின்பக்க ஆக்ஸில் அமைப்பை அதில் மாத்தினாங்க. திறமை இருந்தது. ஆனா எஞ்சின் அதேதான். போட்டி இல்லாத இடத்தில் புது எஞ்சினுக்கு முதலீடு செய்ய அவசரம் யாருக்கும் இல்லை. அனுமதியும் அந்நியச் செலாவணியும் கிடைப்பதும் சுலபம் இல்லை.

1970-களின் கடைசியில் கெஸல் நின்றது. சில வருஷம் ஸ்டாண்டர்டுக்கு விற்க காரே இல்லை, வேன் மாதிரியான வணிக வாகனங்கள்தான்.

1985: பெரிய பந்தயம்

இந்த நேரத்தில் சந்தை மாறிடுச்சு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. குட்டி கார், ஜப்பான் எஞ்சின், நல்ல மைலேஜ், சின்ன விலை.

அடுத்த இரண்டே வருஷத்தில் ஸ்டாண்டர்ட் ஸ்டாண்டர்ட் 2000-ஐ இறக்கியது. வெளித்தோற்றம் பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1. அது 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருது வாங்கிய கார். பிரிட்டனில் அதற்கு 3.5 லிட்டர் வி8 எஞ்சின் உண்டு. பார்த்தா யாரும் திரும்பிப் பார்ப்பாங்க.

பானெட்டைத் திறந்தால் கதை வேற. உள்ளே இருந்தது 1991 சி.சி. எஞ்சின், 1940-களில் வேன்கார்டுக்காக உருவான குடும்பம். 1953-ல் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரில் ஓடியதும் அதன் சகோதரன்தான், ஃபெர்குசன் டிராக்டரில் ஓடியதும் அதே குடும்பம்தான். சுமார் 950 கிலோ டி.ஆர்.2-வை அது பறக்க வைத்தது. ரோவரின் பெரிய உடலுக்குள் மூச்சு வாங்கியது, பெட்ரோல் குடித்தது. விலையோ இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல்.

1988-ல் உற்பத்தி நின்றது. 2006-ல் வளாகம் ஏலத்துக்கு வந்தது. விற்காமல் கிடந்த ரோவர் உதிரி பாகங்களை வாங்கிக்கொண்டு போனது யார் தெரியுமா? பிரிட்டனில் பழைய கார் பாகங்கள் விற்கும் ரிம்மர் பிரதர்ஸ்.

கணக்கு எங்கே உதைத்தது?

கார் தொழிலில் பெரிய செலவு டூலிங். ஒவ்வொரு மாடலுக்கும் கதவு, பானெட், கூரை அச்சடிக்க தனித்தனி அச்சுகள் வேணும். ஒரு கார் விற்றாலும் ஒரு லட்சம் கார் விற்றாலும் அந்தச் செலவு மாறாது.

உடையார்பாளையம் பக்கம் பட்டுத் தறி வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது ஒரு நிமிஷத்தில் புரியும். புது டிசைன் போடணும்னா முதலில் ஜக்கார்டு அட்டை அடிக்கணும். அந்தச் செலவைப் பத்து புடவையில் எடுக்கறதும் நூறு புடவையில் எடுக்கறதும் ஒண்ணா? பத்தே புடவைதான் ஆர்டர்னா ஒவ்வொரு புடவை மேலும் அந்த பாரம் ஏறும்.

காருக்கு ஒரு உதாரணக் கணக்கு (ஸ்டாண்டர்டின் உண்மைக் கணக்கு இல்லை, புரியறதுக்காக): டூலிங்குக்கு 50 கோடி ரூபாய் செலவு. ஒரு லட்சம் கார் விற்றால் ஒரு காருக்கு 5,000 ரூபாய். 5,000 கார் மட்டும் விற்றால் ஒரு காருக்கு 1 லட்சம் ரூபாய். இரண்டாவது கம்பெனி விலையை ஏத்தினா விற்பனை குறையும், ஏத்தலைன்னா நஷ்டம்.

மாருதி இந்தக் கணக்கின் நல்ல பக்கத்தில் நின்றது. ஸ்டாண்டர்ட், குறைவான பேர் வாங்கக்கூடிய காரை எடுத்து மோசமான பக்கத்தில் நின்றது. பெயர் பெரியது என்பதால் இந்த வகுத்தல் கணக்கு மாறாது.

அதே ஊர், அதே காலம், வேற முடிவு

இப்போ பக்கத்து வீடுகளைப் பார்ப்போம்.

எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. ஆரம்பத்தில் ஆஸ்டின் கார்களை மாட்டியது. பிறகு பிரிட்டனின் லேலண்ட் கூட்டாளியாக வந்து, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. கவென்ட்ரியில் ஸ்டாண்டர்ட்-ட்ரையம்பை 1961 வாக்கில் வாங்கியதும் இதே லேலண்ட்தான்! ஆக, எண்ணூருக்கும் பெருங்களத்தூருக்கும் பிரிட்டனில் ஒரே தாய்வீடு. அந்தத் தாய்வீடே தள்ளாடி 1975-ல் அரசுடைமையானது. 1984-ல் ட்ரையம்ப் என்ற கார் பெயரும் நின்றது. எண்ணூர் கம்பெனி லாரியிலும் பஸ்ஸிலும் நிலையான தேவையைப் பிடித்து இன்றைக்கும் ஓடுது.

திருவொற்றியூரில் 1955-ல் என்ஃபீல்ட் இந்தியா. பிரிட்டனில் ராயல் என்ஃபீல்ட் 1970-ல் முடிஞ்சு போச்சு, பிள்ளை மட்டும் பிழைத்தது. அதுவும் சுலபமாக இல்லை. ஐஷர் வாங்கிய பிறகும், 2000 வாக்கில் இதை விற்றுவிடலாமா மூடிவிடலாமா என்ற பேச்சு வந்தது. அன்னைக்கு வேற முடிவு எடுத்திருந்தா அந்த வாட்ஸ்அப் ஃபார்வர்டே கிடையாது.

மூணுமே மெட்ராஸ், மூணுமே பிரிட்டிஷ் பெயர், மூணுமே கிட்டத்தட்ட ஒரே காலம். 1965-ல் இதில் எது செத்துப்போகும்னு சொல்ல முடிஞ்சிருக்குமா? பிழைச்சு வந்தவங்களை மட்டும் எண்ணி, 'பொறுமையா இருந்தா எல்லா பங்கும் ஏறும்' என்று முடிவுக்கு வருவதைத்தான் சர்வைவர்ஷிப் பயஸ் என்கிறார்கள்.

இன்னொரு உண்மை. அந்த லைசென்ஸ் கால மூன்று கார் கம்பெனிகளில் ஒன்றுகூட இன்றைக்கு கார் செய்யவில்லை. பத்மினி 2000-ஐ ஒட்டி நின்றது, அம்பாசடர் 2014-ல் நின்றது. 1986-ல் சென்செக்ஸ் வெளியானபோது அதன் 30 பங்குகளில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் பிரீமியரும் இருந்தன! பிறகு வெளியே போய்விட்டன, வேறு கம்பெனிகள் உள்ளே வந்தன. தேய்கிற கம்பெனியை வெளியே தள்ளி, வளர்கிறதை உள்ளே எடுப்பது இண்டெக்ஸுக்குள்ளேயே இருக்கிற வேலை. தனிப் பங்கு வாங்கும்போது அந்த வேலையை நீங்கதான் செய்யணும். பழகின பெயர் மேல பாசம் இருந்தா அது இன்னும் கஷ்டம்.

கம்பெனி மூடினால் நீங்க வரிசையில் எங்கே?

இதுதான் நமக்கு நேரடியான பகுதி. ஸ்டாண்டர்ட் மூடிய காலத்தில் சட்டம் வேற. இன்றைக்கு ஒரு கம்பெனி கலைக்கப்பட்டால் 2016-ம் வருட திவால் சட்டத்தின் 53-வது பிரிவு சொல்லும் வரிசை சுருக்கமாக இது:

1. கலைப்பு நடவடிக்கைகளுக்கான செலவு.
2. தொழிலாளர்களின் 24 மாத நிலுவையும் அடமானம் வைத்துக் கடன் கொடுத்த வங்கிகளும், சமமாக.
3. தொழிலாளர் வரையறைக்குள் வராத ஊழியர்களின் 12 மாத நிலுவை.
4. அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர்கள்.
5. அரசு வரி பாக்கி, அடமானம் போதாமல் வங்கிகளுக்கு மீந்த பாக்கி.
6. மற்ற கடன்கள்.
7. முன்னுரிமைப் பங்குதாரர்கள்.
8. கடைசியில் சாதாரணப் பங்குதாரர்கள்.

எட்டாவது இடத்துக்கு வரும்போது பானையில் பெரும்பாலும் சோறு இருக்காது.

நீங்க ஒரு கம்பெனியில் சம்பளம் வாங்கறீங்க. அதே கம்பெனி ஈசாப் பங்கு கொடுக்குது. 'நம்ம கம்பெனிதானே, நமக்குத் தெரியாததா' என்று சந்தையில் இன்னும் கொஞ்சம் வாங்கறீங்க. கம்பெனி விழுந்தால் சம்பளமும் போகும், சேமிப்பும் போகும், ரெண்டும் ஒரே நாள்ல. கடன் கொடுத்த வங்கிக்கு நூறு கம்பெனி இருக்கு. உங்களுக்கு இருக்கறது ஒரு வேலை.

நல்ல செய்தியும் இருக்கு. பி.எஃப்., பென்ஷன் ஃபண்ட், கிராஜுவிட்டி ஃபண்ட் ஆகியவற்றிலிருந்து ஊழியர்களுக்குச் சேர வேண்டிய தொகை கலைப்புச் சொத்தில் சேராது என்று அதே சட்டத்தின் 36-வது பிரிவு சொல்லுது. அந்தப் பணத்தைக் கடன்காரர்கள் தொட முடியாது. ஆனா பி.எஃப். பணத்தைக் கம்பெனி உண்மையிலேயே கட்டியிருக்கணும். சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டறதும் கணக்கில் பணம் விழறதும் ஒண்ணில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

* பி.எஃப். பாஸ்புக் பாருங்க. அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கம்பெனி பணம் கட்டணும். உமங் ஆப்பில் கடந்த 12 மாதமும் விழுந்திருக்கா என்று சரிபாருங்க. இரண்டு மாதம் விடுபட்டிருந்தால் ஹெச்.ஆருக்கு மெயில் போடுங்க. போன்ல கேட்டா பதிவு இருக்காது.

* கிராஜுவிட்டி எவ்வளவு என்று தெரிஞ்சு வச்சுக்குங்க. கடைசிச் சம்பளத்தில் சட்டப்படி ஊதியமாகக் கணக்கிடப்படும் தொகை × 15 ÷ 26 × வேலை செய்த வருடங்கள். அந்தத் தொகை 30,000, ஆறு வருடம் என்றால் சுமார் 1,03,846 ரூபாய். கம்பெனி இதற்குத் தனி ஃபண்ட் வைத்திருக்கா என்றும் கேளுங்க. ஃபண்டில் இருக்கும் பணம் வேற, வெறும் வாக்குறுதி வேற.

* உங்க கம்பெனிப் பங்கு மொத்த முதலீட்டில் எத்தனை சதவீதம் என்று கணக்குப் போடுங்க. 10 சதவீதத்துக்குக் கீழே வைப்பது என்னோட அளவுகோல். ஈசாப் மூலம் அதிகமாகச் சேர்ந்திருந்தால், விற்கக்கூடியதைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்று வேறு இடத்துக்கு மாத்துங்க. வரி கட்ட வேண்டியிருக்கே என்று தள்ளிப்போடாதீங்க.

* ஆறு மாதச் செலவு கையில் இருக்கணும். நிலுவைச் சம்பளம் மூணாவது வரிசையில் இருந்து வந்து சேர வருஷக்கணக்கு ஆகலாம். வீட்டு வாடகை அதுவரை காத்திருக்காது.

* தனிப் பங்கு வாங்க ஆசையா? வாங்குங்க. ஆனா 'பெரிய பெயர், மூடவே மாட்டாங்க' என்பதைக் காரணமாக எழுதாதீங்க. அடுத்த போட்டியாளர் வந்தா இவங்க எதை வச்சு நிப்பாங்க என்ற கேள்விக்குப் பதில் எழுத முடிஞ்சா மட்டும் வாங்குங்க. மாத முதலீட்டின் முதுகெலும்பு இண்டெக்ஸ் ஃபண்டாக இருக்கட்டும்.

நாலு கதவு ஹெரால்டை உருவாக்கின மெட்ராஸ் பொறியாளர்களும் தொழிலாளர்களும் தங்கள் வேலையில் குறை வைக்கலை. இன்றைக்கும் பழைய கார் கண்காட்சிகளில் அந்த கார்கள் பளபளன்னு வந்து நிக்குது. நல்ல பொருள் செய்யறது ஒரு திறமை, நல்ல கம்பெனியாகத் தொடர்ந்து இருப்பது இன்னொரு திறமை. பங்கு வாங்கும்போது நீங்க பணம் கொடுப்பது இரண்டாவதுக்கு.

இந்தக் கட்டுரை பொதுவான புரிதலுக்காக. தனிப்பட்ட முடிவுகளுக்கு உங்க ஆலோசகரிடம் பேசுங்க. பாஸ்புக்கில் விடுபட்ட மாதம் இருந்தா என்ன செய்யணும் என்று படிப்படியாக அடுத்த வீடியோவில் காட்டறேன். அதுக்குள்ள உங்க பாஸ்புக்கைத் திறந்து பார்த்துடுங்க.